முயல் வலையை வைத்து சைக்கிள் திருட முடியுமா?

ரொம்ப நாளாயிற்று இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ், பையனின் பரீட்சை, புனே மழை என்று வழக்கமான சாக்குகள் எல்லாம் கைவசம் உண்டு. அதை விடுங்கள். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். யார் மேல் என்று போகப் போகத் தெரியும். என் மேலும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் சொசைட்டியில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. (இங்கே அபார்ட்மென்ட் என்று சொன்னால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சொசைட்டி என்றுதான் சொல்ல வேண்டும்.) கியர் வைத்த சைக்கிள், முப்பதாயிரத்துக்கு மேல் விலை. சிசிடிவியில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துக் கேமரா ஆறு மாதமாகப் படுத்துக்கிடக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் பத்தே நிமிடத்தில் திருடன் யார் என்று முடிவாகிவிட்டது. பின்னால் காலி மனையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நாலு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் சிக்னலில் பலூன் விற்பார்கள். "பார்தி லோக் ஹை, அவுர் கோன்?" என்று ஒருவர் எழுதினார். விசாரணை முடிந்தது.

(பார்தி என்றால் நம்ம பாரதி இல்லை மக்களே. மராத்தியில் 'பாரத்' என்றால் வேட்டை. வேட்டையாடுகிறவர் பார்தி. அவர்களில் ஒரு பிரிவுக்கு ஃபாஸே பார்தி என்று பேர். ஃபாஸ் என்றால் சுருக்கு, கண்ணி.)

சொசைட்டியிலிருந்து புகார் போனது. போலீஸ் வந்து இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். வழக்கு ஏதும் போடவில்லை, போட எதுவும் இல்லை. திரும்பி வரும்போது ஒரு பையன் நொண்டிக்கொண்டு வந்தான் என்று வாட்ச்மேன் சொன்னார். சைக்கிள் இன்றைய தேதி வரை கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் குழுவில் ஒரு படம் போட்டார். கூடாரத்திலிருந்து எடுத்தது. "பாருங்கள், இவர்களுடைய கருவிகள்" என்று தலைப்பு. தரையில் ஒரு கட்டு வலை, கொஞ்சம் கவைக்குச்சி, சுருக்குப் போட்ட கயிறுகள். அதற்குக் கீழே வரிசையாகக் கோப முகங்களும் கட்டைவிரல்களும்.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அது முயல் வலை. எங்கள் வீட்டில் இருந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். சிவராத்திரி முடிந்து பாரிவேட்டைக்குப் போவார்கள். தாத்தாவின் வலை திண்ணைக்கு மேலே விட்டத்தில் தொங்கும், யாரும் தொடக்கூடாது. சணல் நூலை அவரே தொடையில் வைத்துத் திரித்து, அவரே முடிந்தது. கண்ணுக்குக் கண் மூணு விரக்கடை. ஒரு தடவை மதுரையிலிருந்து சித்தப்பா நைலான் வலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார், நீல நிறத்தில் பளபளவென்று. தாத்தா கையில் வாங்கி ஒரு உதறு உதறிப் பார்த்தார். "இது மீனுக்கு ஆகும்டா, முயலுக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சித்தப்பாவுக்கு ரொம்ப நாள் வருத்தம்.

ஏன் ஆகாது என்று கேட்டதற்கு அவர் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. முயல் வலையை இழுத்துக் கட்டக்கூடாது. தொளதொளவென்று நிற்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் முயல் மோதி, பந்து மாதிரித் திரும்பி ஓடிவிடும். தொய்வாக இருந்தால் வந்த வேகத்தில் தன்னையே சுருட்டிக்கொள்ளும். கண் சிறிசாகப் போனால் வலை சுவராகிவிடும். பெரிசாகப் போனால் தலை மட்டும் நுழைந்து கழுத்து அறுபடும். "அறுபட்டா என்ன தாத்தா, எப்படியும் கறிதானே?" என்று கேட்டேன். "உசுரோட கையில வந்தாத்தானே சினையா இல்லையான்னு பாக்க முடியும்?" என்றார். சினை முயலை விட்டுவிடுவார்கள். அடுத்த வருசமும் காட்டில் முயல் வேண்டுமே.

இதை எல்லாம் மறந்தே போயிருந்தேன். எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு வெள்ளைக்காரர். அந்தக் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் பாதிதான் புரியும்.

எங்கள் ப்ராஜெக்டின் க்ளையன்ட் பக்கத்து மேனேஜர், இங்கிலாந்துக் கிராமப்புறத்துக்காரர், தங்கமான மனிதர். வாரக்கடைசியில் முயல் பிடிக்கப் போவார். அதற்கு ஃபெரட் என்று ஒரு பிராணி வளர்க்கிறார். பார்க்க நம் கீரி மாதிரி இருக்கும், ஆனால் கீரி இல்லை, வேறு குடும்பம். அந்த ஊர் முயல் பூமிக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். வளையின் ஒவ்வொரு வாயிலும் மூன்று நாலடி நீளத்தில் ஒரு சின்னப் பை வலையை விரித்து, அதன் கயிற்றை ஒரு முளையில் கட்டிவிட்டு, ஒரு வாய் வழியாக ஃபெரட்டை உள்ளே அனுப்புவார்கள். முயல் பதறி அடுத்த வாய் வழியே பாயும். பாய்ந்த வேகத்தில் கயிறு இழுபட்டு வலை சுருக்குப்பை மாதிரி மூடிக்கொள்ளும்.

திங்கட்கிழமை கால் ஆரம்பிக்கும்போது பத்து நிமிடம் இந்தக் கதைதான். சணல் வலையா நைலான் வலையா என்று மனிதர் ஒரு வருடம் குழம்பினார். சணல் கையில் நன்றாக நிற்கும், மண்ணில் படிந்து கிடக்கும், ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். நைலான் மக்காது, விலை குறைவு, ஆனால் எடை இல்லாததால் காற்றடித்தால் எழும்பிவிடும். நிறம் என்ன வாங்குவது என்று இன்னொரு மாதம். பளிச்சென்ற நிறம் நல்லதாம், திரும்பும்போது ஒரு வலையைக்கூட வயலில் மறந்துவிட்டு வராமல் இருக்கலாம். மறந்த வலையில் வேறு ஏதாவது பிராணி மாட்டிச் சாகும் என்றார். நியாயமான பேச்சு. தாத்தா இருந்திருந்தால் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், பாஷைதான் குறுக்கே நின்றிருக்கும் :-)

எங்கள் ஊர் முயல் வளையே தோண்டாது என்று நான் ஒருநாள் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். உண்மைதான். நம் நாட்டு முயல் புதருக்கடியில் ஒரு சின்னப் பள்ளத்தில் படுத்துக்கிடக்கும். குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பேர், தமிழில் இரண்டும் முயல்தான். வளை இல்லாத முயலிடம் ஃபெரட் என்ன செய்யும்? அதனால்தான் இங்கே நீள வலை, தப்பட்டை, நாய், கண்ணி.

சரி. இந்தக் கதைகளை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக் கேட்டவர் யார் தெரியுமா? "வாட் அ லவ்லி ட்ரெடிஷன்" என்று சொன்னவர்? எங்கள் டீமில் இருக்கும் அதே மனிதர்தான், எங்கள் சொசைட்டியின் கமிட்டி உறுப்பினர், அந்தப் படத்தைப் போட்டவர். அவர் எந்த ஊர்க்காரர், என்ன பாஷை என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே வலை வைத்திருப்பவருக்கு அது பாரம்பரியம். இங்கே வலை வைத்திருப்பவனுக்கு அது சைக்கிள் திருடுகிற கருவி. ஐயா, கொஞ்சம் யோசியுங்கள். முயல் வலையை வைத்து எப்படி ஐயா சைக்கிள் திருடுவது? பெடலில் கண்ணி வைத்தா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளைக்காரர் நாட்டிலும் ஒரு காலத்தில் ஏழை கையில் வலை இருந்தால் குற்றம்தான். காடும் வயலும் பிரபுக்களுடையது, அதில் ஓடும் முயலும் அவர்களுடையது. ராத்திரியில் முயல் பிடிக்கிறவனைத் தண்டிக்க 1828-ல் ஒரு சட்டம். 1862-ல் இன்னொன்று. அதன்படி சாலையில் போகிற ஒருவன் மேல் வேட்டைத் திருட்டுச் சந்தேகம் வந்தால் போலீஸ் நிறுத்திச் சோதனை போடலாம், பையில் வலை இருந்தால் பறிமுதல் செய்யலாம். 1880-ல்தான் குத்தகை விவசாயிக்குத் தன் வயலில் முயல் பிடிக்கிற உரிமையே சட்டமாக வந்தது. அதற்குப் பிறகு அந்த வலை மெல்ல மெல்லப் பொழுதுபோக்காகிவிட்டது.

நமக்கு என்ன அனுப்பினார்கள்? 1862-ல் வலையைச் சோதித்தவர்கள், 1871-ல் ஆளையே குற்றமாக்கிவிட்டார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம். என்ன செய்தாய் என்ற கேள்வியே கிடையாது, எந்த வயிற்றில் பிறந்தாய் என்பதுதான் கேள்வி. 1911-ல் அதை விரித்து சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பேர். கட்டைவிரலை உருட்டிப் பதிவேட்டில் வைக்க வேண்டும். ராத்திரியானால் ஆம்பளைகள் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும், வீட்டில் படுக்கக்கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் தாத்தாவின் அப்பா ரேகை வைத்தவர். தாத்தா பிறக்கும்போது அந்தச் சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல் போனது, மகாராஷ்டிராவில் இன்றைக்கும் அந்த நாளை விமுக்த தினம் என்று கொண்டாடுகிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. நிலம் கொஞ்சம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, ஓட்டு இருந்தது. அப்பா வாத்தியார் ஆனார். நான் கம்ப்யூட்டர் படித்து புனேவில் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பார்திகளுக்கு நிலமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பழைய சட்டம் போனதும் அந்தந்த மாநிலத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று வந்தது, பம்பாயில் 1959-ல். பேர் மாறியது, போலீஸ்காரர் தேடிப் போகிற கூடாரம் மாறவில்லை. மகாராஷ்டிராவில் பார்திகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இருந்து என்ன? சான்றிதழ் வாங்க முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும்.

இதே மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2003-ல் நாசிக் பக்கம் ஒரு கொடூரமான கொலை வழக்கு. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், இவர்கள் நிரபராதிகள், தவறாகச் சிக்கவைக்கப்பட்டவர்கள் என்று சொல்லி விடுதலை செய்தது. நடுவில் பதினாறு வருடம் போய்விட்டது. ஆளுக்கு ஐந்து லட்சம் நஷ்டஈடு. 'அவர்கள்தான் செய்திருப்பார்கள்' என்று பத்து நிமிடத்தில் முடிவுகட்டும் எங்கள் வாட்ஸ்அப் குழு இதைப் படித்தால் தேவலை. சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரித்ததையும், சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் போல நடத்தியதையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில். 1871 எங்கே, 2024 எங்கே.

இப்போது வழக்கமான கேள்வி வரும், எனக்குத் தெரியும். "அப்போ முயல் வேட்டை ஆடலாம்னு சொல்றீங்களா?"

இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு முயலைப் பிடிப்பது குற்றம். கொன்றால்தான் என்றில்லை, கண்ணி வைப்பது, வலையில் ஓட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாம் வேட்டை என்றுதான் சட்டம் சொல்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதத்தின் உச்சவரம்பே ஒரு லட்சம் வரை ஏறிவிட்டது. என் தாத்தா செய்ததும் சட்டப்படி குற்றம்தான், மழுப்பவில்லை. புல்வெளி எல்லாம் ப்ளாட்டாகிப் போன இந்தக் காலத்தில் மிச்சமிருக்கும் முயலை விட்டுவிட வேண்டியதுதான். பின்னால் இருக்கும் பாணேர் டேக்டியில் காலை நடையின்போது ஒரே ஒரு முயல் குறுக்கே ஓடியதைப் பார்த்து நான் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தக் குன்றைச் சுற்றியிருந்த புல்லைத் தின்றது பார்தியின் வலையா, எங்கள் சொசைட்டி மாதிரி நூறு சொசைட்டிகளா என்பதையும் யாராவது கணக்குப் போடலாம்.

நான் கேட்பது வேறு. வலையைப் பிடுங்கினீர்கள், சரி. அந்தக் கைக்கு என்ன கொடுத்தீர்கள்?

கொடுக்க முடியாது என்று சொல்லாதீர்கள். கொடுத்த இடங்கள் இருக்கின்றன. நம் இருளர்களையே பாருங்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போயிற்று. 1978-ல் மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். அனுமதியோடு பிடி, விஷத்தை எடு, திரும்பக் காட்டில் விடு. அந்த விஷத்தில்தான் இந்தியாவின் பாம்புக்கடி மருந்தே தயாராகிறது. 2017-ல் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்க முடியாமல் அமெரிக்காக்காரன் கூப்பிட்டது மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். முதல் எட்டு நாளில் பதின்மூன்று பாம்பு. 2023-ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. கள்ளத்தனம் என்று சொல்லப்பட்ட அதே கைவேலைதான்.

கோடிக்கரைக்குப் போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிறது. சாலிம் அலி காலத்திலிருந்து அந்த வேலையில் பறவையை இறகு கசங்காமல் பிடித்துக் கொடுத்தவர்களில் பேர்போனவர் அலி ஹுசைன். பீகாரின் மிர்ஷிகார் என்ற பறவை பிடிக்கும் சமூகத்துக்காரர். எந்தப் பறவைக்கு எந்தக் கண்ணி, எங்கே வலை, காற்று எந்தப் பக்கம் என்பது அவருக்குப் பரம்பரை ஞானம். விஞ்ஞானிகள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் ஏன், இதே மகாராஷ்டிராவில் அகோலா பக்கம் 'சம்வேதனா' என்ற அமைப்பு ஃபாஸே பார்திகளோடு சேர்ந்து வரகுக்கோழிக்கும் அதன் புல்வெளிக்கும் காவல் வேலை பார்க்கிறது. அந்தப் பறவை புல்லுக்குள் எங்கே உட்காரும் என்று அதைப் பிடித்துப் பழகியவனுக்குத்தானே தெரியும்? மத்தியப் பிரதேசத்தில் பன்னா புலிகள் காப்பகத்தை ஒட்டிப் பார்தி இளைஞர்கள் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறார்கள், சம்பளத்துக்கு.

ஆகவே 'அந்த ஆட்களைத் திருத்த முடியாது' என்று இனி ஒருவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இங்கே திருந்த வேண்டியது வலை வைத்திருந்தவன் இல்லை.

அந்தப் படத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். நைலான் நூல்தான், ஆனால் கையால் முடிந்தது, கடையில் வாங்கியது இல்லை. முடிச்செல்லாம் ஒரே அளவு. கண் மூணு விரக்கடை இருக்கும். பழைய வலை, ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வேறு நிற நூலால் ஒட்டுப்போட்டிருக்கிறது. மேலே தூசி படிந்திருக்கிறது, விரித்து வருடக்கணக்காகியிருக்கலாம். எங்கள் வீட்டு விட்டத்தில் இருந்த மாதிரி, தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருந்தார்களோ என்னவோ. அதைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. திரும்பக் கொடுத்தார்களா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது என் கதை. அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் இருந்தது என்று சொன்னேன் இல்லையா? அதில் ஒன்று என்னுடையது. மீட்டிங்கில் இருந்தேன், போனில் குழு கத்திக்கொண்டிருந்தது, என்ன ஏது என்று பார்க்காமல் எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டேன். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தது அதற்கப்புறம்தான். எடுத்துவிட்டேன், ஆனால் இரண்டு மணி நேரம் அது அங்கே இருந்தது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக் கட்டைவிரலைப் பிடித்து வைத்து உருட்டினார்கள். நான் யாரும் பிடிக்காமலேயே வைத்திருக்கிறேன்.

தாத்தா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பதைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். புகாரை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும், அந்த இரண்டு பையன்களிடமும் நேரில் போய் வருத்தம் சொல்ல வேண்டும், எடுத்துப்போன பொருட்களுக்கு என்ன ஆயிற்று என்று காவல் நிலையத்தில் சொசைட்டி லெட்டர்ஹெட்டில் கேட்க வேண்டும், அந்தக் கேமராவை முதலில் சரி செய்ய வேண்டும். நாலே வரி. மனைவி படித்துவிட்டு, "நமக்கு எதுக்குங்க, வீட்டை வாடகைக்கு விடணும்னா நாளைக்கு என்ஓசி இவங்கதானே தரணும்?" என்றாள். அவள் சொல்வதும் நிஜம்தான். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

குழுவில் இதுவரை ஒருத்தரும் பதில் போடவில்லை. கமிட்டி உறுப்பினர் மட்டும் ஆபீசில் காபி மெஷின் பக்கத்தில், "ஏன் இவ்வளவு எமோஷனல் ஆகறீங்க?" என்று கேட்டார். அவரிடம் ரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "ஓ, நீங்களுமா?" என்றார். அந்த 'நீங்களுமா'வை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு பதினோரு மணிக்கு க்ளப் ஹவுஸில். போகிறேன், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.